44 மாதத் தீவனம்: காங்கேயம் மாட்டின் வரவு செலவு

1990இல் காங்கேயம் மாடுகள் 11.74 லட்சம். 2000இல் 4.79 லட்சம். பத்தே ஆண்டில் நூற்றுக்கு 59 போய்விட்டது. கவலை இறைக்க மோட்டார் வந்தது, பாரம் இழுக்க லாரி வந்தது, உழவு டிராக்டருக்குப் போனது. வேலைக்கென்றே வளர்ந்த இனத்தை அதன்பின் பால் லிட்டரால் மட்டும் அளந்தார்கள். தப்பு அங்கேதான் நடந்தது.

அந்தக் கணக்கையே போட்டுப் பார்ப்போம். ஒரு ஈற்றுக்குச் சராசரி 540 லிட்டர் பால். ஒரு ஈற்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 16 மாதம், அதாவது 480 நாள். லிட்டர் 50 ரூபாய் என்று வைத்தால் வரவு 27,000. பசுவின் எடை 340 கிலோ. எடையில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு உலர்தீவனம் என்றால் நாளுக்கு எட்டரைக் கிலோ. கிலோ 8 ரூபாய் என்று எல்லாவற்றையும் விலைக்கு வாங்கினால் 480 நாளுக்கு 32,640. ஆள் கூலி சேர்க்காமலே 5,640 ரூபாய் கைநட்டம். ஜெர்சிக் கலப்பினத்துக்கு ஏன் மாறினார்கள் என்று விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் காங்கேயம் மாடு விலைத் தீவனத்துக்குப் பிறந்ததல்ல. அதன் வீடு கொரங்காடு: கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், நடுநடுவே வெள்வேல மரம். புல் காய்ந்த கோடையில் வெள்வேலங்காய் உதிர்ந்து தீனியாகும். பாதித் தீவனம் காட்டிலேயே கிடைத்தால் செலவு 16,320. மிச்சம் 10,680. நாளுக்குப் பத்துக் கிலோ சாணம் என்றால் 480 நாளில் 4.8 டன், அதற்கு நான் விலை போடவில்லை.

உண்மையான வரவு கன்றுதான். செந்நிறமாகப் பிறந்து, ஆறு மாதவாக்கில் சாம்பல் நிறத்துக்கு மாறும். பழையகோட்டை மாட்டுத்தாவணியிலும் கண்ணபுரம் தேர்ச் சந்தையிலும் வாங்குகிறவர் சுழி பார்ப்பார், வாயைத் திறந்து பல் எண்ணுவார், திமிலைத் தடவுவார். எத்தனை லிட்டர் என்ற கேள்வி பிறகுதான். கன்று 15,000க்குப் போனால் 16 மாத மிச்சம் 25,680, மாதம் 1,605 ரூபாய். பெரிய தொகையல்ல, ஆனால் நட்டமில்லை.

இடிப்பது வேறொரு இடத்தில். காங்கேயம் கிடாரி முதல் கன்று ஈன ஏறத்தாழ 44 மாதம் ஆகிறது. 1,320 நாள் வரவே இல்லை. வளர்ந்த பசுவின் தீவனத்தில் சராசரி பாதி தின்கிறது, அதிலும் பாதி கொரங்காடு தருகிறது என்று வைத்தாலும் நாளுக்கு 17 ரூபாய், மொத்தம் 22,440. சிறு விவசாயி கிடாரியைக் கன்றிலேயே தள்ளிவிடுவது இந்தத் தொகையைத் தாங்க முடியாமல்தான். கிடாரி போனால் இனம் போயிற்று.

2019 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் நாட்டு மாடுகள் 6 சதவீதம் குறைந்திருந்தன. நாட்டு மாட்டினங்களைக் காக்கும் மத்திய அரசுத் திட்டமான ராஷ்ட்ரிய கோகுல் மிஷனுக்கு 2021–22 முதல் 2025–26 வரை ஒதுக்கியது 3,400 கோடி ரூபாய். 10,000 காங்கேயம் கிடாரிகளுக்கு 44 மாதம் விலைக்கு வாங்கும் தீவனத்தை முழுவதும் அரசே ஏற்றாலும் 22 கோடியே 44 லட்சம்தான். அந்த ஒதுக்கீட்டில் நூற்றுக்கு ஒன்றுகூட ஆகாது. கிடாரி வளர்க்கிறவர் கையில் மாதம் 510 ரூபாய் நேராகச் சேர வேண்டும். அதை அரசு இந்த ஆண்டே தொடங்கட்டும்.