தேய்ந்த முதுகெலும்பு வட்டு மீண்டும் வளருமா?

விடியற்காலையில் எழுந்து பால்மரம் வெட்டி, மங்குகளில் சேர்ந்த பாலை வாளிகளில் ஊற்றி, காண்டாக் கம்பைத் தோளிலேற்றிச் சுமந்து உழைத்தவர்கள் நம் தோட்டத் தொழிலாளர்கள். அவர்களுள் பலர் இன்று தோட்டங்களை விட்டு நீங்கி, ஈப்போவை அடுத்த குனோங் ராபாட் போன்ற இடங்களில் குடியமர்ந்துள்ளனர். முதுகுவலி மட்டும் அவர்களை விட்டு நீங்கவில்லை. “தேய்ந்த டிஸ்க்கைப் புதிதாக வளர்க்கும் மருத்துவம் வந்துவிட்டதாமே!” என்று அவர்கள் ஆவலோடு வினவுவது இயல்பே. அதன் உண்மையை இங்கே காண்போம்.

நமது முதுகெலும்பின் எலும்புகளுக்கிடையே 23 வட்டுகள் உள்ளன. டிஸ்க் என்று கூறப்படுபவை இவையே. ஒவ்வொரு வட்டின் நடுவிலும் நீர் மிகுந்த கூழும், அதனைச் சுற்றிப் பல அடுக்குகளாலான நார் வளையமும் அமைந்துள்ளன. நாம் நடக்கும்போதும் சுமக்கும்போதும் அதிர்ச்சியைத் தாங்குவது இவ்வமைப்பே ஆகும். முதுமை, பரம்பரை இயல்பு, புகைபிடித்தல், ஓயாத பளு ஆகிய காரணங்களால் கூழ் வறண்டு வட்டு தேய்கிறது. சில வேளைகளில் கூழ் வெளியே பிதுங்கி நரம்பை அழுத்துகிறது. அப்போது வலி இடுப்பிலிருந்து கால்வரை பரவுகிறது.

கையில் ஏற்பட்ட வெட்டுக்காயம் சில நாள்களில் ஆறிவிடுகிறது. வட்டு அவ்வாறு ஆறுவதில்லை. ஏன்? வளர்ந்தவர்களின் வட்டினுள்ளே இரத்தக் குழாய்கள் அநேகமாக இல்லை. மேலும் கீழும் உள்ள மெல்லிய தகடுகளின் வழியே கசிந்துவரும் சத்தைக் கொண்டே அது உயிர்வாழ்கிறது. குனோங் ராபாட்டின் சுண்ணாம்புக் குன்றில் பெய்த மழைநீர், கல்லினூடே மெல்லக் கசிந்து கெக் லோக் தோங் குகையினுள் சொட்டுவதை இதற்கு ஒப்பிடலாம்.

இக்கசிவை உயிருள்ள மனிதரிடத்தே படமெடுத்து ஆராய்ந்தவர், கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் எஸ். ராஜசேகரன். படத்தில் தெரியக்கூடிய மருந்தை இரத்தத்தில் செலுத்தி, அது வட்டினுள் புகுவதைக் காந்த அதிர்வுப் படங்களால் அவர் பின்தொடர்ந்தார். தகடு பழுதுற்றால் இக்கசிவும் மாறுபடுவதை அப்படங்கள் காட்டின. 2004இல் இவ்வாய்வு அனைத்துலகப் பரிசு பெற்றது. 2013இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், வட்டு பிதுங்கிய 181 பேரை அவரும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோரிடம் நார் வளையத்தின் நடுப்பகுதி கிழியவில்லை. வளையமும் தகடும் இணையும் இடமே பிய்ந்திருந்தது.

வட்டைப் புதுப்பிக்க முயலும் அறிஞர்கள் உடல் ஏற்கும் பொருள்களை நாடுகின்றனர். 1984இல் பெர்லின் சாரிட்டே மருத்துவமனையில் பொருத்தப்பட்ட செயற்கை வட்டு, உலோகத்தாலும் பிளாஸ்டிக்காலும் ஆனது. அது பழைய வட்டை அகற்றிவிட்டு வைக்கப்படும் கருவி, வளர்வதன்று. இன்றைய முயற்சியின் நோக்கமோ வட்டையே மீண்டும் வளரச் செய்வதாகும். இந்தியாவின் குவஹாத்தி தொழில்நுட்பக் கழகத்தார் பட்டினால் நார் வளையம் போன்ற அடுக்குகளை அமைத்து 2018இல் வெளியிட்டனர். அதே ஆண்டில் ஜப்பானின் ஹொக்காய்டோ பல்கலைக்கழகத்தார், கடற்பாசியிலிருந்து எடுத்த கூழை முயலிலும் செம்மறியாட்டிலும் செலுத்திப் பார்த்த ஆய்வை வெளியிட்டனர். வெற்றிடத்தை அக்கூழ் நிரப்ப, உடலின் உயிரணுக்கள் அங்கே குடியேறி வளரவேண்டும் என்பதே எண்ணம்.

எனினும், ஆள்களைக் குடியமர்த்திவிட்டு அரிசி அனுப்பாத தோட்டம் நிலைக்காது. சத்து வரும் வழி அடைபட்டிருந்தால், எத்தகைய பொருளைப் பொருத்தினாலும் உயிரணுக்கள் பிழைப்பது கடினம். ஆகவேதான் இச்சிகிச்சை இன்னும் ஆய்வு நிலையிலேயே இருக்கிறது. மருத்துவமனைகளின் வழக்கமான சிகிச்சையாகவில்லை. ஓர் ஊசியில் வட்டு புதிதாக வளரும் என்னும் விளம்பரத்தை நம்பிச் சேமிப்பை இழந்துவிடலாகாது.

வட்டு பிதுங்கியவர்களுள் பெரும்பாலோர், அறுவை சிகிச்சையின்றியே சில வாரங்களில் நலமடைகின்றனர். பளுவைத் தூக்கும்போது முழங்காலை மடக்கி, சுமையை உடலோடு அணைத்துத் தூக்குங்கள். புகைபிடிப்பதைக் கைவிடுங்கள். கால் வலுவிழந்தாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கழிப்பதில் தடையோ கட்டுப்பாடின்மையோ ஏற்பட்டாலோ, ஒரு நாளும் தாமதியாமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். புதிய வட்டு வளரும் காலம் வரலாம். அதுவரை இருக்கும் வட்டைக் காப்பது நம் கடமையாகும்.