புல் ரிக்வெஸ்ட் வந்தாச்சு, பிராஞ்ச் எங்கே? அடுத்தவர் கோடை உங்கள் கணினியில் இறக்குவது எப்படி?

அந்தமானின் ஸ்ரீ விஜயபுரத்தில் (2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர்) உட்கார்ந்து, ‘ஓப்பன்-தமிழ்’ மாதிரியான ஓர் ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியைப் பராமரிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முன்பின் தெரியாத ஒருவர் புல் ரிக்வெஸ்ட் அனுப்புகிறார். எண் 42. பிரவுசரில் பச்சையும் சிவப்புமாக மாற்றங்கள் தெரிகின்றன. ஆனால் ஓட்டிப் பார்த்தால்தானே வேலை செய்யுதா என்று தெரியும்?

டெர்மினலில் ‘கிட் ஃபெட்ச்’ போடுகிறீர்கள். அந்த பிராஞ்ச் மட்டும் வரவே இல்லை.

உடனே பலரும் செய்வது, அனுப்பியவரின் ஃபோர்க்கைத் தேடிப்போய் முழுசாக குளோன் செய்வது. சென்னையில் இது சில நிமிட எரிச்சல். தீவுகளில் அப்படி இல்லை. சென்னையிலிருந்து சுமார் 2,300 கி.மீ. நீளத்துக்கு, 1,224 கோடி ரூபாய் செலவில் போடப்பட்ட கடலடி கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைக்கப்படும்வரை, அந்தமான் நிக்கோபாரின் இணையம் சாட்டிலைட்டை நம்பியே இருந்தது. ஒரே ரெப்போவை இரண்டாவது முறை இறக்குவது அங்கே ஒரு நாள் வேலையைக் கெடுக்கிற காரியம். கேபிள் வந்தபிறகும் அது வீண்தான். ஏனென்றால், உங்களிடம் ஏற்கெனவே இருப்பதை விட்டுவிட்டு, இல்லாத கமிட்களை மட்டும் கேட்டு வாங்க கிட்டுக்குத் தெரியும்.

கோட் எங்கே ஒளிந்திருக்கிறது?

யாராவது புல் ரிக்வெஸ்ட் திறந்த உடனேயே, அவருடைய கமிட்களை கிட்ஹப் உங்கள் ரெப்போவிலேயே ஒரு தனி முகவரியில் வைத்துவிடுகிறது. அந்த முகவரி ‘புல்/42/ஹெட்’. வழக்கமான ஃபெட்ச் பிராஞ்ச்கள் இருக்கும் அறையை மட்டும்தான் திறந்து பார்க்கும். இது பக்கத்து அறை. அதனால் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்: ‘கிட் ஃபெட்ச் ஆரிஜின் புல்/42/ஹெட்:பிஆர்-42’ (தட்டுவது ஆங்கிலத்தில்தான்). பிறகு ‘பிஆர்-42’ என்ற பிராஞ்ச்சுக்கு மாறிக்கொள்ளலாம், அவ்வளவுதான். அனுப்பியவர் கோபித்துக்கொண்டு தன் ஃபோர்க்கையே அழித்துவிட்டாலும் இந்த முகவரி இருக்கும். கிட்லேபில் ‘புல்’ இருக்கும் இடத்தில் ‘மெர்ஜ்-ரிக்வெஸ்ட்ஸ்’ என்று போட்டால் போதும்.

அப்படியும் ‘அந்த ரெஃப் இல்லை’ என்று எரர் வருதா? ‘ஆரிஜின்’ எதைக் குறிக்கிறது என்று பாருங்கள். பல நேரம் அது உங்களுடைய சொந்த ஃபோர்க்காக இருக்கும். புல் ரிக்வெஸ்ட் வந்ததோ மூல ரெப்போவுக்கு. அதை ‘அப்ஸ்ட்ரீம்’ என்ற பெயரில் சேர்த்து, அதனிடம் கேளுங்கள்.

இரண்டாவது தடவை ஏன் சண்டை போடுகிறது?

நீங்கள் ஒரு திருத்தம் சொல்கிறீர்கள். அவர் பழைய கமிட்களைத் திருத்தி எழுதி, ஃபோர்ஸ் புஷ் செய்துவிடுகிறார். இப்போது உங்களிடம் இருக்கும் வரலாறு வேறு, அவருடையது வேறு. அதே கமாண்டை மறுபடி ஓட்டினால் கிட் மறுக்கும். இங்கே ‘புல்’ செய்து இரண்டையும் கலந்துவிடாதீர்கள், அப்புறம் யார் எழுதியது எது என்றே தெரியாது. பிஆர்-42-இல் இருந்தபடியே ‘புல்/42/ஹெட்’டை மட்டும் ஃபெட்ச் செய்து, ‘ரீசெட் ஹார்ட் ஃபெட்ச்_ஹெட்’ கொடுங்கள். நீங்கள் அதில் செய்த மாற்றங்கள் போய்விடும் என்பதை மறக்க வேண்டாம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. சின்ன எழுத்துப்பிழையை நீங்களே திருத்தி ஆரிஜினுக்கு புஷ் செய்கிறீர்கள். புல் ரிக்வெஸ்ட் பக்கத்தில் ஒன்றும் மாறாது. மூல ரெப்போவில் புதிதாக ஒரு பிராஞ்ச் முளைத்திருக்கும். திருத்தம் போய்ச் சேர வேண்டிய இடம் அவருடைய ஃபோர்க். பராமரிப்பாளர்கள் திருத்தலாம் என்ற பெட்டியை அவர் டிக் செய்திருந்தால்தான் அது முடியும். ஃபோர்க் ஒரு நிறுவனக் கணக்கில் இருந்தால் அந்த வசதியே கிடையாது. கிட்ஹப்பின் ‘ஜிஹெச் பிஆர் செக்அவுட் 42’ என்ற கமாண்ட், அனுமதி இருந்தால் இந்த புஷ் வழியையும் சேர்த்தே அமைத்துத் தரும். தினமும் ரிவ்யூ செய்பவர்கள் என்றால் இதையே பழகிக்கொள்ளலாம்.

இறக்கினால் ஆபத்தா?

ஃபெட்ச் செய்வதால் மட்டும் அந்தக் கோட் ஓடாது. ஆபத்து அடுத்த படியில். ‘என்பிஎம் இன்ஸ்டால்’ போன்ற கமாண்ட்கள் பேக்கேஜுக்குள் இருக்கும் ஸ்கிரிப்ட்களைத் தானாகவே ஓட்டும். டெஸ்ட் ஓட்டுவதும் அடுத்தவர் புரோகிராமை உங்கள் கணினியில் ஓட்டுவதுதான். உங்கள் கிளவுட் பாஸ்வேர்டுகளும் அதே கணினியில்தானே இருக்கின்றன? அறிமுகமில்லாதவர் அனுப்பியது என்றால், பேக்கேஜ் பட்டியலிலும் பில்ட் ஸ்கிரிப்ட்டிலும் என்ன மாறியிருக்கிறது என்று முதலில் படியுங்கள். ஓட்டுவதை ஒரு கன்டெய்னருக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.