மிதிவண்டி ஓட்டுநர் உடை

மிதிவண்டி ஓட்டுநர் உடை என்பது நெடுந்தொலைவோ வேகமாகவோ மிதிவண்டி ஓட்டுவோர் அணியும் சிறப்பு உடைகளையும் காப்புப் பொருள்களையும் குறிக்கும். ஜெர்சி எனப்படும் உடலை ஒட்டிய மேற்சட்டை, மெத்தை வைத்த அரைக்கால் சட்டை, கையுறை, தலைக்கவசம், கண்ணாடி, ஒளியைத் திருப்பும் பட்டை ஆகியவை இதில் அடங்கும். கோயம்புத்தூர், திருப்பூர், நீலகிரிச் சாலைகளில் விடியற்காலையில் இவ்வுடையுடன் செல்வோரைக் காணலாம்.

'சைக்கிள் ஓட்டுவதற்கு இவ்வளவு உடுப்பு எதற்கு?' என்று கேட்பது இயல்பே. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மில்லுக்கும் தோட்டத்துக்கும் மிதிவண்டியில் சென்று வந்தவர்கள் கொங்கு நாட்டில் ஏராளம். நான்கைந்து கிலோமீட்டர் தொலைவுக்கு அந்த உடை போதுமானது. தொலைவு, வேகம், வெப்பம், இருள் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று கூடும்போது புதிய சிக்கல்கள் எழுகின்றன. சிறப்பு உடையின் ஒவ்வொரு பகுதியும் அவற்றுள் ஒன்றுக்குத் தீர்வாக உருவானது.

வியர்வையும் துணியும்

மனித உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் மிதிகட்டையைச் சென்றடைகிறது. மீதி வெப்பமாகிறது. ஒருவர் 100 வாட் திறனுடன் மிதித்தால் அவர் உடலில் ஏறத்தாழ 300 வாட் வெப்பம் உண்டாகும். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. இவ்வெப்பம் முழுவதையும் வியர்வையே வெளியேற்ற வேண்டுமானால் மணிக்கு 450 மில்லிலிட்டர் அளவுக்கு வியர்வை ஆவியாக வேண்டும். சொட்டிக் கீழே விழும் வியர்வையால் பயனில்லை. ஆவியாகும் வியர்வையே உடலைக் குளிர்விக்கும்.

இங்குதான் துணியின் தன்மை முக்கியமாகிறது. வழக்கமான ஆய்வக நிலையில் பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8.5 விழுக்காடு ஈரத்தை இழைக்குள் ஏற்கும். பாலியஸ்டர் ஏற்பது 0.4 விழுக்காடு மட்டுமே. நனைந்த பருத்திச் சட்டை கனத்து, உடலோடு ஒட்டி, மெதுவாகவே காயும். பாலியஸ்டர் இழை நீரை உள்ளே வாங்காததால், இழைகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகள் வழியே வியர்வை துணியின் வெளிப்பரப்புக்குப் பரவி விரைவில் ஆவியாகிறது.

பருத்தி பனியன்களால் பெயர் பெற்ற ஊர் திருப்பூர். ஜெர்சியும் பனியனைப் போலவே நெய்யப்படாமல் பின்னப்படும் துணி. பின்னலின் கண்ணிகள் நெகிழ்ந்து கொடுப்பதால் உடல் வளையும் திசையில் துணியும் நீள்கிறது. அமைப்பு ஒன்றுதான், இழைதான் வேறு.

காற்றுத்தடை

சமதளத்தில் வேகமாகச் செல்லும்போது மிதிவண்டி ஓட்டுபவரின் உழைப்பில் பெரும்பகுதி காற்றை விலக்குவதற்கே செலவாகிறது. காற்றுத்தடை, காற்றுக்கு எதிரான வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். காற்றில்லாத நாளில் 20 கிலோமீட்டர் வேகத்தை 30 கிலோமீட்டராக உயர்த்தினால் தடை 2.25 மடங்காகிறது; அதை வெல்லத் தேவையான திறன் ஏறத்தாழ 3.4 மடங்காகிறது. இத்தடையில் மிதிவண்டியின் பங்கைவிட ஓட்டுபவர் உடலின் பங்கே மிகுதி. காற்றில் படபடக்கும் தளர்ந்த சட்டை அதை மேலும் கூட்டும். ஜெர்சி உடலை ஒட்டி இருப்பதற்கு இதுவே முதற்காரணம்.

கோயம்புத்தூருக்கு இது நன்கு பொருந்தும். தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே வலுவாக வீசுகிறது. பல்லடம், உடுமலைப்பேட்டைப் பகுதிகளில் காற்றாலைகள் நிற்பதும் அதனாலேயே. ஆடி மாதத்தில் வாளையாறு நோக்கி 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவருக்கு எதிரே அதே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், காற்றில்லாத நாளைப் போல நான்கு மடங்கு தடையை அவர் எதிர்கொள்ள வேண்டும்.

இருக்கையும் உராய்வும்

மிதிவண்டியில் அமரும்போது உடல் எடையின் பெரும்பகுதியை இடுப்பின் அடியிலுள்ள இரு எலும்பு முனைகள் தாங்குகின்றன. நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு தொடையும் 4,800 முறை இருக்கையோடு உரசுகிறது. வியர்வையில் ஊறிய தோலில் சாதாரணப் பேண்ட்டின் தடித்த தையல் இத்தனை முறை தேய்ந்தால் தோல் வழன்று புண்ணாகும்.

சிறப்பு அரைக்கால் சட்டையின் மெத்தை அழுத்தத்தைப் பரப்புகிறது; அழுத்தம் விழும் இடத்தில் தையல் வராதபடி அது அமைக்கப்படுகிறது. இதனுள் உள்ளாடை அணியக்கூடாது. அணிந்தால் தவிர்க்க நினைத்த தையலும் ஈரமும் மீண்டும் வந்துவிடும். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் துவைத்து நன்கு உலர்த்துவது கட்டாயம். உள்ளங்கை நரம்பின் மீது கைப்பிடி தரும் அழுத்தத்தையும், அதனால் விரல்கள் மரத்துப் போவதையும் கையுறையின் மெத்தை குறைக்கிறது. கீழே விழும்போது பெரும்பாலோர் முதலில் கையை ஊன்றுவதால் தோல் சிராய்ப்பதையும் அது தடுக்கிறது.

மலைப்பாதை

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 330 மீட்டர் உயரத்திலும் உதகமண்டலம் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலும் உள்ளன. 1,000 மீட்டர் உயர்ந்தால் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியசு குறையும் என்பதால், இரு ஊர்களுக்கும் 12 பாகை அளவுக்கு வேறுபாடு இருக்கலாம். ஏறும்போது வேகம் குறைவு, வியர்வை மிகுதி. இறங்கும்போது உழைப்பு இல்லை. ஈர உடையின் மீது குளிர்காற்று வேகமாக மோதுகிறது. குளிரில் விறைத்த விரல்களால் பிரேக்கைச் சரியாகப் பிடிக்க இயலாது. கொண்டை ஊசி வளைவுகளில் இது ஆபத்து. அதனால்தான் மலையேறுவோர் மெல்லிய காற்றுத்தடுப்புச் சட்டையையும் கழற்றக்கூடிய கையுறைகளையும் ஜெர்சியின் முதுகுப்புறப் பைகளில் மடித்து வைத்துக்கொள்கின்றனர். குனிந்து ஓட்டும்போது முன்பையில் உள்ள பொருள் விழுந்துவிடும் என்பதால்தான் பைகள் முதுகில் அமைந்தன.

வரலாறு

தொடக்கக்காலப் பந்தய வீரர்கள் கம்பளி உடை அணிந்தனர். அரைக்கால் சட்டையின் உட்புறம் மென்தோல் தைக்கப்பட்டிருந்தது. துவைத்தால் அது விறைத்துவிடும் என்பதால் களிம்பு பூசி மென்மையாக்கினர். 1919-இல் டூர் டி பிரான்சு பந்தயத்தில் முன்னிலை வகிப்பவரை அடையாளம் காண மஞ்சள் ஜெர்சி அறிமுகமானது. 1958-இல் டியூபாண்ட் நிறுவனத்தில் உருவான எலாஸ்டேன் இழை, லைக்ரா என்ற வணிகப் பெயரில் பரவி, 1970களுக்குப் பின் மிதிவண்டி உடைகளில் இடம்பிடித்தது. 2003-இல் பாரிசு–நீசு பந்தயத்தில் விழுந்து தலையில் அடிபட்ட கசக்கஸ்தான் வீரர் ஆந்திரே கிவிலேவ் இறந்ததை அடுத்து, பன்னாட்டு மிதிவண்டிச் சங்கம் அதே ஆண்டில் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது.

தலைக்கவசமும் கண்ணில் படுதலும்

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் தலைக்கவச விதி மோட்டார் பொருத்தப்பட்ட இருசக்கர வாகனங்களுக்கே உரியது. மிதிவண்டிக்குச் சட்டக் கட்டாயம் இல்லை. ஆயினும் கீழே விழும் தலைக்கு இந்த வேறுபாடு தெரியாது. தலைக்கவசத்தின் உள்ளிருக்கும் நுரைப்பொருள் நசுங்கி அதிர்ச்சியை ஏற்கிறது. ஒருமுறை நசுங்கிய நுரை மீண்டும் காக்காது என்பதால், பலத்த அடி வாங்கிய கவசத்தை மாற்றிவிட வேண்டும்.

நிறங்களில் ஒரு வேறுபாட்டை அறிந்திருப்பது நல்லது. பளிச்சென்ற ஒளிர்பச்சை, ஒளிர்செம்மஞ்சள் நிறங்கள் புறஊதாக் கதிரைக் காணும் ஒளியாக மாற்றுவதால் பகலிலும் மாலை மங்கலிலும் எடுப்பாகத் தெரியும். இரவில் அவற்றால் பயன் குறைவு. இரவில் உதவுவது ஒளிதிருப்பும் பட்டை. அதிலுள்ள நுண்ணிய கண்ணாடி மணிகள் முகப்பு விளக்கின் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்புகின்றன. அதைக் கணுக்காலில் கட்டினால், மிதிக்கும்போது மேலும் கீழும் அசையும் ஒளியைக் கண்டு வருவது மனிதர் என்று ஓட்டுநர் உடனே உணர்வார். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. மூன்று நொடி முன்னதாகக் கண்ணில் பட்டால் ஓட்டுநருக்கு 50 மீட்டர் கிடைக்கிறது. பிரெவே எனப்படும் 200 கிலோமீட்டரும் அதற்கு மேலுமான நெடுந்தொலைவு ஓட்டங்களில் இரவில் ஒளிதிருப்பும் மேலணி கட்டாயம்.

அன்றாடப் பயணத்துக்கு

இருளில் அதிகம் மிதிவண்டி ஓட்டுவோர் ஜெர்சி அணிந்தவர்கள் அல்லர். இரவு ஷிப்ட் முடிந்து மில்லிலிருந்தும் பனியன் கம்பெனியிலிருந்தும் திரும்பும் தொழிலாளர்களும் தனி வகுப்பு முடிந்து வீடு செல்லும் மாணவர்களுமே. இவர்களுக்கு லைக்ரா தேவையில்லை. வேட்டி, சேலை, துப்பட்டா ஆகியவற்றின் நுனி சங்கிலியிலும் சக்கரத்திலும் சிக்காதபடி செருகிக்கொள்வதும், பேண்ட்டின் கால்பகுதியைக் கிளிப்பால் இறுக்குவதும், செயின் கவரையும் சேலைக் காப்பையும் கழற்றாமல் வைத்திருப்பதும் போதும். சாலையோரம் இருட்டாக இருந்தால் பின்விளக்கும் கணுக்கால் பட்டையும் வேண்டும்.

எனவே உடையைத் தேர்ந்தெடுக்க ஒரு வரிசை உண்டு. எல்லோருக்கும் முதலில் வேண்டியவை ஒளிதிருப்பும் பட்டையும் தலைக்கவசமும். தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுபவருக்கு மெத்தை வைத்த அரைக்கால் சட்டையும் கையுறையும் பயன்படும். வேகமும் தொலைவும் மேலும் கூடினால் ஜெர்சி. விலை மிகக் குறைந்த பட்டையே இவ்வரிசையில் முதலிடம் பெறுகிறது.