நிழல் காணாமல் போன மதியம்

"மத்தியானம் பன்னெண்டு மணிக்கு நிழல் காலடியில விழும்." நாற்பது வயசு வரைக்கும் நான் இதை தினசரி நடக்கிற விஷயம்னுதான் நம்பிட்டிருந்தேன், அதுவும் பி.இ. படிச்சுட்டு! என் மகள் ஒருநாள் ஸ்கேலோட மாடிக்குப் போய், "அப்பா, அப்படி எல்லாம் இல்லையே"ன்னு வந்து நின்னப்பதான் உட்கார்ந்து படிச்சேன்.

சூரியன் சரியாக தலைக்கு மேலே வருவது சென்னையில் வருஷத்துக்கு இரண்டே நாள். சென்னையின் அட்சரேகை சுமார் 13.1 டிகிரி வடக்கு. பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பதால் சூரியன் ஆறு மாசம் வடக்கே ஏறி, ஆறு மாசம் தெற்கே இறங்குகிறது. ஏறும்போது ஒருமுறை 13.1-ஐ கடக்கும் (ஏப்ரல் 24 வாக்கில்), இறங்கும்போது ஒருமுறை (ஆகஸ்ட் 18 வாக்கில்). டெல்லி 28.6 டிகிரியில் இருக்கு. சூரியன் அவ்வளவு தூரம் போகாது. அங்கே இருக்கிறவங்களுக்கு இந்த நாள் ஆயுசுக்கும் கிடையாது, பாவம்.

சரி, பார்த்துடுவோம்னு ஒரு அடி பிவிசி பைப் துண்டோட ஏப்ரல் 23 அன்னிக்கே மொட்டை மாடியில் ஒத்திகை. டம்ளர் சரிப்படாது, அது மேலே அகலம் கீழே குறுகல். மணி சரியாக 12. மேற்குப் பக்கம் ஒரு சென்டிமீட்டர் நிழல். இது புரிந்தது: நம்ம கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கானது, சென்னை 80.3-இல் இருக்கு. டிகிரிக்கு 4 நிமிஷம், ஆக சுமார் 9 நிமிஷம் தாமதம். ஏப்ரல் கடைசியில் சூரியன் கிட்டத்தட்ட 2 நிமிஷம் முந்தி வரும். ஆக நிஜமான உச்சி 12:07.

ஆனா 12:07-க்கும் ஒரு கீற்று ஒட்டிக்கிட்டே இருந்தது. ஒரு நாள் முன்னாடி பார்க்கிறோமே, அதனாலயா? அந்தக் கணக்கு போட்டா ஒரு அடி பைப்புக்கு 2 மில்லிமீட்டர்கூட வராது. கொஞ்ச நேரம் டீபக் பண்ணிப் பார்த்ததுல கோளாறு வானத்தில் இல்லை, தரையில். மழைத்தண்ணி ஓட மாடிக்கு வாட்டம் கொடுத்திருக்காங்க! மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவுன்னாலே அரை டிகிரிக்கு மேல். சூரியன் ஒரு நாளில் வடக்கே நகர்வதோ மூணில் ஒரு டிகிரிதான். மறுநாள் நூல்ல ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, பைப்புக்கு அடியில் அட்டை செருகி நிமிர்த்தினோம்.

12:05. நிழல் சுருங்குது. 12:06. நூல் மாதிரி இருந்தது. அப்புறம் இல்லை. கம்ப்யூட்டர் கேம்ல செட்டிங்ஸ் போய் ஷேடோவை ஆஃப் பண்ணினா எப்படி இருக்கும், அப்படி. பைப் தரையில் நிற்குதா, மிதக்குதான்னே தெரியலை. மகள் குதிச்சா, அவ நிழலும் அவளுக்கு நேர் கீழேயே ஒரு கறுப்புத் திட்டா குதிச்சது. ஒரு நிமிஷம் இருந்திருக்கும். அப்புறம் கிழக்குப் பக்கமா ஒரு கோடு எட்டிப் பார்த்தது. பத்து நிமிஷம் கழிச்சு பெங்களூரிலிருந்து நண்பன் போட்டோ அனுப்பினான். கிட்டத்தட்ட அதே அட்சரேகை, ஆனா மேற்கே இருக்கிறதால தாமதம்.

இத்தனையும் வடகம் காயவெச்சுக்கிட்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா பார்த்துட்டே இருந்தாங்க. "என்ன தம்பி, வெயில்ல பிள்ளையை நிக்க வெச்சுக்கிட்டு?" விளக்கினேன். டிசம்பர் மதியம் இதே பைப்புக்கு வடக்கே 22 சென்டிமீட்டர் நிழல் விழும், ஜூன்ல பார்த்தா தெற்கே விழும், அதுதான் ஆச்சரியம்னு முடிச்சேன்.

"இதுல என்னப்பா ஆச்சரியம்? டேங்க் நிழல் சித்திரை முழுக்க ஒண்ணும் பண்ணாது. ஆனி மாசம் இந்தப் பக்கம் திரும்பிக்கும். அதான் அப்ப வடகத்தை அந்தப் பக்கம் மாத்திடுவேன்"னாங்க.

மகள் என்னைப் பார்த்தா. நான் பைப்பை எடுத்துக்கிட்டு கீழே இறங்கினேன்.