சிறுநீரக மாற்று சத்திரசிகிச்சையின் பின்னர் தாய்மை: ஆலோசனையே முதற்படி

புசல்லாவை, கம்பளை, நாவலப்பிட்டி போன்ற பிரதேச மக்களுக்கு சிறுநீரக மாற்று சத்திரசிகிச்சை என்பது இன்று கேள்விப்படாத ஒன்றல்ல. கண்டி தேசிய வைத்தியசாலையில் இச்சத்திரசிகிச்சை இடம்பெற்று வருவதால், கொழும்புக்குச் செல்லாமலேயே மறுவாழ்வு பெற்றவர்கள் மலையகத்தில் உள்ளனர். அவர்களுள் இளம் பெண்களும் அடங்குவர். உயிர் பிழைத்துவிட்டோம் என்ற நிம்மதியை அடுத்து அப்பெண்களின் மனதில் எழும் கேள்வி, தாம் தாயாக முடியுமா என்பதாகும். இதனை வைத்தியரிடம் வாய்விட்டுக் கேட்கப் பலர் தயங்குகின்றனர். இத்தயக்கமே பெரும்பாலான சிக்கல்களுக்கு வித்திடுகின்றது.

இக்கேள்விக்கு மருத்துவ உலகம் 1958 ஆம் ஆண்டிலேயே விடையளித்து விட்டது. அமெரிக்காவின் எடித் ஹெல்ம் என்ற பெண், தமது இரட்டைச் சகோதரியின் சிறுநீரகத்தை 1956 இல் பெற்றார். இரு வருடங்களுக்குள் ஆண் குழந்தையொன்றைப் பெற்றெடுத்தார். சிறுநீரக மாற்றின் பின்னர் பிறந்த முதற் குழந்தை அதுவேயாகும். எமது நாட்டில் பேராசிரியர் ரெஸ்வி ஷெரீப் உள்ளிட்ட வைத்தியக் குழுவினரின் முயற்சியால் 1985 இல் சிறுநீரக மாற்று சத்திரசிகிச்சை ஆரம்பிக்கப்பட்டது.

எனினும் எடித் ஹெல்முக்கும் இன்றைய பெண்களுக்கும் முக்கிய வேறுபாடொன்று உண்டு. ஒத்த இரட்டையரின் உறுப்பு என்பதால் அவரது உடல் அதனை அந்நியமாகக் கருதவில்லை. ஏனையோரோ, பொருத்தப்பட்ட சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காதிருக்க நோயெதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் மருந்துகளை நாள் தவறாது உட்கொள்ள வேண்டும். கர்ப்பம் பற்றிய ஆலோசனையின் பெரும்பகுதி இம்மருந்துகளைச் சுற்றியே அமைகின்றது.

மைக்கோபினோலேட் என்னும் மருந்து கருச்சிதைவையும் காது, உதடு, அண்ணம் ஆகியவற்றில் பிறவிக் குறைபாடுகளையும் ஏற்படுத்தக் கூடியது. ஆகவே கருத்தரிப்பதற்கு ஆகக் குறைந்தது 6 வாரங்களுக்கு முன்னரே அதனை நிறுத்தி, அசத்தியோபிரின் போன்ற வேறொரு மருந்துக்கு வைத்தியர் மாற்றுவார். புதிய மருந்தில் சிறுநீரகம் சீராக இயங்குகின்றதா என்பதையும் அவதானிக்க வேண்டும். இரத்த அழுத்தத்திற்கு வழங்கப்படும் எனலாபிரில், லொசார்டன் ஆகியனவும் கர்ப்ப காலத்தில் சிசுவைப் பாதிக்கும். அவற்றுக்கும் மாற்று மருந்துகள் உண்டு. மாறாக, பிரெட்னிசொலோன், அசத்தியோபிரின், டக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் ஆகியவற்றை வைத்திய மேற்பார்வையின் கீழ் கர்ப்ப காலத்திலும் தொடரலாம். இம்மருந்துகளுடன் தாய்ப்பாலூட்டுவதும் பொதுவாகச் சாத்தியமே.

இங்கு நாம் வலியுறுத்த விரும்புவது ஒன்றுண்டு. எதிர்பாராமல் கர்ப்பமுற்றதை அறிந்ததும், குழந்தைக்குத் தீங்கு நேருமென அஞ்சி, எல்லா மருந்துகளையும் தாமாகவே நிறுத்திவிடுவது பேராபத்தாகும். உடல் சிறுநீரகத்தை நிராகரித்தால் தாயும் சேயும் ஒருங்கே பாதிக்கப்படுவர். அத்தகைய நிலையில் செய்ய வேண்டியது, அன்றே சிகிச்சைப் பிரிவுடன் தொடர்பு கொள்வதாகும்.

சத்திரசிகிச்சை முடிந்து ஓரிரு மாதங்களிலேயே கருத்தரிக்கும் ஆற்றல் திரும்பக்கூடும் என்பதைப் பலர் அறிவதில்லை. சிறுநீரகம் செயலிழந்திருந்த காலத்தில் மாதவிடாய் நின்றிருந்தமையால், இனிக் கருத்தரிக்காது என எண்ணி விடுகின்றனர். ஆகக் குறைந்தது ஒரு வருடமேனும் காத்திருக்குமாறு நிபுணர்கள் கூறுகின்றனர். சிலர் இரு வருடங்கள் என்பர். அக்காலத்தில் பொருத்தமான கருத்தடை முறை அவசியமாகும். அதன் பின்னரும், கடந்த ஒரு வருடத்தில் நிராகரிப்பு ஏற்படாதிருத்தல், இரத்தத்தில் கிரியட்டினின் அளவு டெசிலீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்குக் குறைவாக இருத்தல், சிறுநீரில் புரதம் மிகக் குறைவாக இருத்தல், இரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இருத்தல், தொற்றுகள் இல்லாதிருத்தல் என்பன கவனிக்கப்படும்.

ஆபத்துகளையும் மறைக்காது கூறுவதே நேர்மையான ஆலோசனையாகும். 4,700 இற்கும் மேற்பட்ட கர்ப்பங்களைத் தொகுத்து 2011 இல் வெளியான ஆய்வொன்றின்படி, ஏறத்தாழ 73 சதவீதமானவற்றில் குழந்தை உயிருடன் பிறந்துள்ளது. ஆயினும் 27 சதவீதமானோருக்கு, இரத்த அழுத்தம் உயர்ந்து சிறுநீரில் புரதம் வெளியேறும் பிரீ எக்ளாம்ப்சியா ஏற்பட்டுள்ளது. ஏறத்தாழ அரைவாசிப் பிரசவங்கள் குறைமாதத்தில் நிகழ்ந்துள்ளன. நாலில் மூன்று பங்கு நம்பிக்கை தரும் செய்தியே. ஆனால் அது கவனமான கண்காணிப்பினால் கிட்டிய பலன் என்பதை மறந்துவிடலாகாது. புதிய சிறுநீரகம் அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் பொருத்தப்படுவதால் சுகப்பிரசவத்திற்குத் தடையில்லை. சிசேரியன் என்பது ஏனைய தாய்மாருக்குப் போன்றே தேவை கருதித் தீர்மானிக்கப்பட வேண்டியதாகும்.

முஸ்லிம் சகோதரிகளைப் பொறுத்தவரை ரமழான் நோன்பு பற்றிய கேள்வியும் எழுகின்றது. நோயாளருக்கு மார்க்கம் சலுகை வழங்கியுள்ளது. கர்ப்பிணிகளுக்கும் அச்சலுகை உண்டென்பதை உலமாக்கள் விளக்கியுள்ளனர். நீரின்றி நீண்ட நேரம் இருப்பதும் மருந்து நேரம் மாறுவதும் சிறுநீரகத்தைப் பாதிக்கக் கூடுமாகையால், வைத்தியரின் கருத்தை முதலில் பெற்று, அதனுடன் உலமாக்களை நாடுவதே உகந்தது.

புசல்லாவையிலிருந்து கண்டிக்குச் செல்வது ஒரு நாள் வேலையாகும். தோட்டத் தொழிலாளப் பெண்ணுக்கு அது ஒரு நாட் சம்பளமும் கூட. கர்ப்ப காலத்திலோ இப்பயணம் அடிக்கடி நேரும். மருந்தின் அளவும் சிறுநீரகத்தின் இயக்கமும் மீண்டும் மீண்டும் பரிசோதிக்கப்பட வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடியின் போது மருந்துத் தட்டுப்பாட்டினால் பேராதனை போதனா வைத்தியசாலையில் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளே இடைநிறுத்தப்பட்டன. 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின் போது கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவினால் வீதிகள் துண்டிக்கப்பட்டன. ஆகவே சில வாரங்களுக்கான மருந்தைக் கையிருப்பில் வைத்திருத்தல், பிரசவம் எங்கு என்பதை முன்கூட்டியே தீர்மானித்தல் ஆகியனவும் ஆலோசனையில் இடம்பெற வேண்டும்.

இவ்வாலோசனை பெண்ணுக்கு மட்டும் உரியதன்று. கணவரும், இயலுமாயின் மாமியாரும் உடனிருந்து கேட்பது நன்று. திருமணமானதும் குழந்தை எங்கே எனக் கேட்கும் எமது சமூகத்தில், காத்திருப்பதற்கான காரணத்தை அவள் தனியே விளக்கிக் கொண்டிருக்க முடியாது. அனைத்தையும் அறிந்த பின்னர் குழந்தை வேண்டாமென அவள் தீர்மானித்தால், அதுவும் மதிக்கப்பட வேண்டிய முடிவாகும்.

சிறுநீரக நிபுணரும் மகப்பேற்று நிபுணரும் ஒன்றிணைந்து, தமிழில், அவசரமின்றி விளக்கமளிக்கும் ஏற்பாடு கண்டிப் பிராந்தியத்தில் உறுதிப்படுத்தப்படுவது அவசியம். தோட்டங்களுக்குச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தர்கள் இத்தகைய பெண்களை இனங்கண்டு, கருத்தரிக்கு முன்னரே சிகிச்சைப் பிரிவுக்கு வழிப்படுத்தலாம். ஒருவர் மனமுவந்து அளித்த சிறுநீரகத்தையும், பிறக்கவிருக்கும் உயிரையும் ஒருசேரக் காப்பதற்கு, உரிய நேரத்தில் கேட்கப்படும் ஒரு கேள்வியே வழி திறக்கும்.