உப்பு விட்டுப்போன இடம்

பாத்திரம் துடைக்கிற மஞ்சள் ஸ்பாஞ்ச் காய்ந்ததும் விறைத்துப்போகிறதே, அது பிளாஸ்டிக்தானா என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

விறைத்தால் பிளாஸ்டிக் இல்லை. பாலியூரித்தேன் நுரை காய்ந்தாலும் மெத்தென்றே இருக்கும். விறைப்பது மரக்கூழிலிருந்து வரும் செல்லுலோஸ். அது மண்ணில் மக்கிவிடும். முதுகில் ஒட்டியிருக்கும் பச்சை நார் மட்டும் பெரும்பாலும் நைலான். உரக்குழியில் போடுமுன் அதை உரித்துவிடுங்கள்.

எனக்குப் பிடித்தது அதன் ஓட்டைகள்தான். எங்கள் வீட்டு ஆப்பத்தில் கண் விழுவது மாவு புளித்து எழும் வாயுவால். இந்த ஸ்பாஞ்சில் அந்த வேலையை உப்பு செய்கிறது. மரக்கூழைக் காஸ்டிக் சோடாவாலும் கார்பன் டைசல்ஃபைடாலும் கரைத்தால் பிசுபிசுவென்று விஸ்கோஸ் கிடைக்கும். வலுவுக்குக் கொஞ்சம் நார் சேர்த்து, கிளாபர் உப்பின் படிகங்களைக் கொட்டிப் பிசைந்து, அச்சில் வார்த்துச் சூடேற்றுவார்கள். இந்த உப்பு சித்திரை வெயிலுக்கே தாங்காது. சுமார் 32 டிகிரி செல்சியஸில், தன் படிகத்துக்குள் அடங்கிய நீரிலேயே கரைந்துவிடும். சுற்றியுள்ள விஸ்கோஸோ சூட்டில் செல்லுலோஸாக இறுகிவிடும். பிறகு கழுவினால், படிகம் இருந்த இடமெல்லாம் ஓட்டை. கல்லாகப் போட்டால் பெரிய கண், பொடியாகப் போட்டால் சின்னக் கண். வேண்டிய அளவை உப்பைச் சலிக்கும்போதே முடிவு செய்துவிடலாம்!

நீரை விரும்பும் இந்தப் பொருளை எண்ணெய் குடிக்கவும் பழக்கியிருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வகத்தில் 2014-இல் செல்லுலோஸ் நுண்ணிழைகளோடு சிலிக்கான் சேர்மம் ஒன்றைச் சேர்த்து, உறைய வைத்து உலர்த்தினார்கள். அந்த ஸ்பாஞ்ச் நீரை ஒதுக்கி, தன் எடையைப்போல் 50 மடங்கு வரை எண்ணெயை உறிஞ்சியது. நிரம்பிய பின்னும் மிதந்தது. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது நம் இளைஞர்கள் வாளியால் அள்ளினார்கள். கரையில் கெட்டித்த சேற்றுக்கு வாளிதான் வழி என்றாலும், கடலில் படலமாக மிதக்கும்போதே பிடிக்கத் துறைமுகக் கிடங்குகளில் இத்தகைய பொருள்கள் தயாராக இருக்க வேண்டும்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். கார்பன் டைசல்ஃபைடு நரம்பைக் கெடுக்கும் நஞ்சு. விஸ்கோஸ் ஆலைத் தொழிலாளர்கள் பலரை அது முடக்கியிருக்கிறது. அடுக்களைக்கு நல்லது என்பதற்காக ஆலைக்குள் இருப்பவரை மறப்பது நியாயமில்லை. சீனாவின் வூகான் பல்கலைக்கழகத்தில் லினா சாங் குழுவினர் அந்த நஞ்சு இல்லாமலே செல்லுலோஸைக் கரைத்துக் காட்டினார்கள்: காஸ்டிக் சோடாவும் யூரியாவும் கலந்த நீரை மைனஸ் 12 டிகிரிக்குக் குளிர வைத்தால், பஞ்சு சில நிமிடங்களில் கரைகிறது. யூரியாவும் பஞ்சாலைக் கழிவும் நம்மிடமும் இருக்கின்றன. கோவையில் யாராவது இதைக் கையில் எடுக்க வேண்டும்.