கம்ப்யூட்டரில் வந்த எகிப்து ராஜா!

திருவாலங்காட்டில் ரயில் ஏறினால் சென்னைக்குப் போகலாம். எகிப்துக்குப் போக முடியுமா?

முடியாது. ஆனால், எகிப்தைப் பள்ளிக்கூடத்துக்கு வரவழைக்கலாம்!

தமிழ்நாட்டில் அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் அறைகள் வந்துவிட்டன. "ஹைடெக் லேப்" என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். அங்கே ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். 3,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ராஜா வந்து நிற்கிறார்!

சிறுவன் ராஜா

அந்த ராஜாவின் பெயர் துட்டன்காமன். சுமார் 9 வயதில் பட்டத்துக்கு வந்தான். 20 வயது ஆவதற்குள் இறந்துபோனான்.

1922-ம் ஆண்டு நவம்பர் மாதம் ஹோவர்டு கார்ட்டர் என்ற ஆங்கிலேயர் அவன் கல்லறையைக் கண்டுபிடித்தார். உள்ளே தங்க முகமூடி, கட்டில், தேர், செருப்பு என்று 5,000-க்கும் அதிகமான பொருள்கள்! விளையாட்டுப் பலகைகூட இருந்தது. அதில் 30 கட்டங்கள். குச்சிகளை வீசிக் காய் நகர்த்துவார்கள். நம் ஊர்த் தாயம் மாதிரி!

கார்ட்டர் எதையும் அவசரப்பட்டு அள்ளவில்லை. பொருளுக்குப் பொருள் எண் கொடுத்தார். அளந்தார். அட்டையில் எழுதினார். படம் எடுக்கச் செய்தார். கல்லறையைக் காலி செய்யப் பத்து ஆண்டுகள் ஆயின!

அந்த அட்டைகளையும் படங்களையும் ஆக்ஸ்போர்டில் உள்ள கிரிஃபித் நிலையம் இணையத்தில் போட்டிருக்கிறது. காசு கிடையாது. கார்ட்டரின் கையெழுத்தையே திருவாலங்காட்டுப் பிள்ளையும் பார்க்கலாம்.

ஒரு தொல்லை உண்டு. எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறது! ஆசிரியர்தான் தமிழில் சொல்ல வேண்டும். தங்க முகமூடியை மட்டும் காட்டிவிட்டு மணி அடித்தால், அது சினிமா பார்த்த கதைதான். வீட்டில் இருந்து ஒரு பழைய சொம்பையோ உழக்கையோ கொண்டுவரச் சொல்லலாம். பிள்ளைகளே அளந்து, வரைந்து, எண் போட்டு ஓர் அட்டை எழுதட்டும். அப்போதுதான் கார்ட்டர் பட்ட பாடு புரியும்.

"பானை ஒறி"

எகிப்தில் தமிழ் எழுத்து கிடைத்திருக்கிறது. தெரியுமா?

செங்கடல் கரையில் குசேர் அல் கதீம் என்று ஓர் இடம். முன்பு அது துறைமுகம். அங்கே தோண்டியபோது ஓர் உடைந்த ஜாடி அகப்பட்டது. அதன்மேல் தமிழ் பிராமி எழுத்துகள்! சுமார் 2,000 ஆண்டுப் பழமை. கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் அதைப் படித்தார்.

"பானை ஒறி" என்று இரண்டு பக்கமும் எழுதியிருந்தது.

ஒறி என்றால் உறிதான். பூனைக்கு எட்டாமல் அடுப்பங்கரையில் தொங்குமே, அந்த உறி! இந்தக் காலத்துப் பிள்ளைகள் பலர் உறியைப் பார்த்ததே இல்லை. கம்ப்யூட்டரில் ஜாடியைப் பார்த்த பிள்ளை, வீட்டுக்கு வந்து பாட்டியைத்தான் கேட்க வேண்டும்.

நம் ஊர்ப் புதையல்

எகிப்தியரின் பட எழுத்தைப் படிக்க உதவியது ரொசெட்டா கல். அது இருப்பது எகிப்தில் அல்ல, லண்டனில்! "எங்கள் கல்லைத் திருப்பிக் கொடுங்கள்" என்று எகிப்தியர்கள் கேட்டு வருகிறார்கள்.

இதைச் சொல்லும்போது, திருவாலங்காட்டு ஆசிரியர் இன்னொன்றையும் சொல்லலாம். 1905-ல் இதே ஊரில் ராஜேந்திர சோழரின் செப்பேடுகள் கிடைத்தன. மொத்தம் 31 ஏடுகள்! பழையனூர் என்ற ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. சோழர் பரம்பரைக் கதையும் இருக்கிறது. கோத்த வளையத்தில் புலி, மீன், வில் பொறித்த முத்திரை!

அந்த ஏடுகளும் இப்போது ஊரில் இல்லை. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

துட்டன்காமன் தேரைத் திரையில் பார்த்த பிள்ளை, தன் ஊரின் செப்பேட்டை நேரில் பார்க்க ஆசைப்பட்டால் அழைத்துப் போங்கள். ரயிலில் காலையில் புறப்பட்டால் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். அன்று அருங்காட்சியகத்துக்கு விடுமுறை!